ஆறு கட்டையில் ஹவாய்

மெல்லிசைக் குழுவில் ஹவாயன் கிட்டார் வாசிப்பவனுக்கு மரியாதை அதிகம், சம்பளம் குறைவு. தபேலா இல்லாமல் கச்சேரி நடக்காது. ஹவாயன் கிட்டார் இல்லாமல் தாராளமாக நடக்கும். ஆனாலும் கூட்டத்தைப் பிடித்து உட்காரவைக்கும் முதல் உருப்படி பெரும்பாலும் அவனுடையதுதான். மைக் டெஸ்டிங் முடிந்திருக்கும். முன்வரிசைக்கு நடந்த சண்டை ஓய்ந்திருக்கும். பாடகி வேனில் தலை சீவிக்கொண்டிருப்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் கிட்டாரை மடியில் கிடத்தி, எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டை வார்த்தை இல்லாமல் இழுக்க வேண்டும். கூட்டம் அடங்கியதும் அறிவிப்பாளர் வந்துவிடுவார். பிறகு இரவு முழுக்க அவனுக்கு வேலை அங்கங்கே ஒரு பிட். நிலா, கனவு, கடற்கரை என்று பாட்டில் எது வந்தாலும் ஓர் இழுப்பு.

1970களின் பிற்பகுதியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கில் அந்த வேலையைப் பார்த்தவன் நான். சொந்த ஊர் மார்க்கையன்கோட்டை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் ஊர். ஜூன் மாதம் அணை திறந்து நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டால் எங்களுக்குக் கச்சேரி குறையும். பக்கத்துக் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலின் ஆடிச் சனிக்கிழமைகள் மட்டும் அதற்கு விலக்கு. வருடத்தின் உச்சம் வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா. அங்கே ஒரே இரவில் இரண்டு மேடைகளின் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஸ்ருதி சேர்த்தவன், வேறு எந்த மேடையிலும் சேர்த்துவிடுவான்.

பண்ணைப்புரம் எங்கள் தாலுகாதான். பாவலர் வரதராசனின் தம்பிகள் ஆர்மோனியப் பெட்டியோடு கட்சி மேடைகளில் பாடித் திரிந்ததைப் பார்த்த பெரியவர்கள் அப்போது ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். 1976இல் அவர்களில் ஒருவரான இளையராஜாவின் இசையில் ‘அன்னக்கிளி’ வந்தபோது எங்கள் பக்கத்தில் எந்த வாத்தியத்தைத் தொட்டவனுக்கும் மெட்ராஸ் பஸ் கண்ணில் தெரிய ஆரம்பித்தது. இசையமைப்பாளர் ஆவதற்கு முன்னால் இளையராஜா அங்கே கிட்டார் வாசித்துத்தான் பிழைத்தார் என்ற செய்தி கிட்டார்க்காரர்களுக்குக் கூடுதல் போதை. நானும் மெட்ராஸ் போனேன், திரும்பினேன். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இந்த வாத்தியத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். சாதாரண கிட்டாரில் இடது கை விரலால் தந்தியைக் கட்டையோடு அழுத்துகிறோம். ஹவாயனில் அழுத்துவதே கிடையாது. தந்திகளை ஒரு விரற்கடை உயர்த்திக் கட்டி, வாத்தியத்தை மல்லாக்க மடியில் போட்டு, உருண்டையான ஓர் எஃகுத் துண்டைத் தந்தியின் மேல் வழுக்க வேண்டும். அந்தத் துண்டை நாங்கள் ‘ஸ்டீல்’ என்போம். ஃப்ரெட் கம்பிகள் வெறும் அடையாளக் கோடுகள். ஸ்டீல் கோட்டுக்கு நேர் மேலே நின்றால் சுரம் சுத்தம். ஒரு நூல் தள்ளினால் அபசுரம். வலது கைக் கட்டைவிரலுக்கும் இரண்டு விரல்களுக்கும் பிக் மாட்ட வேண்டும். எங்கள் ஊரில் அதெல்லாம் கிடைக்காது. பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி வளைத்து மாட்டிக்கொண்டோம். ஸ்டீலை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். கிட்டார் கல்கத்தாவில் செய்து மதுரைக் கடைக்கு வந்தது.

ஸ்ருதி சேர்ப்பதும் வேறு விதம். ஆறு கட்டையை ஆதார சட்ஜமாக வைத்து, தடித்த தந்தியிலிருந்து ப, ஸ, ப, ஸ, க, ப. காந்தாரம் அந்தர காந்தாரம். திறந்த தந்திகளை அப்படியே மீட்டினாலே மேஜர் கார்டு பேசும். இந்த வாத்தியத்தின் சுகமும் தொல்லையும் அதுதான். சோகப் பாட்டுக்கு நடுவில் கை தவறி ஆறு தந்தியும் பட்டுவிட்டால் கல்யாண வீட்டுச் சத்தம் கேட்கும். அதனால் நாங்கள் எல்லாரும் ஒற்றைத் தந்திக்காரர்களாகவே வளர்ந்தோம். பாடகர் குரல் எப்படிப் போகிறதோ அப்படி முதல் தந்தியிலும் இரண்டாவதிலும் தொடர்ந்து போவோம். பி.பி. ஸ்ரீநிவாஸின் குழைவு, சுசீலாவின் நிறுத்தம், எல்லாவற்றுக்கும் ஸ்டீலில் ஒரு கை கண்டுபிடித்து வைத்திருந்தோம். வார்த்தை கேட்கிற மாதிரி வாசிக்கிறான் என்று யாராவது சொன்னால் அதுதான் எங்களுக்குப் பத்மஸ்ரீ.

எங்களுக்கு ஆசான்கள் இசைத்தட்டில் இருந்தார்கள். வானொலியில் செய்திக்கு முன் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தால் ஒரு கிட்டார்த் தட்டைப் போட்டு நிரப்புவார்கள். லக்னோவிலிருந்து பம்பாய்க்கு வந்த வான் ஷிப்லி, கல்கத்தாவின் சுனில் கங்கூலி, ஹசாரா சிங் ஆகியோர் இந்திப் பாட்டுகளை எலெக்ட்ரிக் ஹவாயனில் வாசித்து ஹெச்.எம்.வி. தட்டுகளாகக் குவித்தவர்கள். அவர்கள் வாசித்ததும் பாட்டைத்தான். ஹவாயன் என்று பெயர் சொல்லிக்கொண்டு நாங்கள் வாசித்த எதிலும் ஹவாய்த் தீவின் பாட்டு ஒன்றுகூட இல்லை. யாரும் அதைக் குறையாக நினைக்கவும் இல்லை. வயலின் எந்த ஊர்ப் பாட்டுக்காகப் பிறந்தது என்று கர்நாடக சங்கீதக்காரர்கள் கவலைப்பட்டார்களா?

1980களின் முடிவில் கீபோர்டு வந்தது. ஒரு பெட்டி, ஒரு ஆள், ஒரு சம்பளம். அக்கார்டியன் போனது, புல்லாங்குழல் போனது, நாங்களும் போனோம். கீபோர்டின் மேல் எனக்குக் கோபமில்லை. திருவிழாக் கமிட்டி தரும் தொகையை இருபது பேருக்குப் பங்கு போட்ட கணக்கு எனக்கும் தெரியும். கிட்டாரைப் பெட்டியில் போட்டுவிட்டு சின்னமனூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதப் போனேன். ஈரப்பதம், தவிட்டு விலை, சாக்குக் கணக்கு என்று வாழ்க்கையின் பெரிய பாகம் அங்கேதான் கழிந்தது. வாத்தியத்தை நினைத்து ஏங்கினேன் என்று சொன்னால் அது கதை. மறந்தே போயிருந்தேன்.

மறுபடி தொட வைத்ததும் ஒரு கீபோர்டுக்காரன்தான். பழைய குழு நண்பரின் மகன், வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பக்திப் பாட்டு ஒலிப்பதிவு செய்கிறவன், வேலையிலிருந்து நான் ஓய்ந்த பிறகு ஒருநாள் வந்தான். “மாமா, அந்த இழுப்பு இதுல வரமாட்டேங்குது. ஹவாயன் டோன் இருக்கு, ஆனா இழுத்தா ரப்பர் மாதிரி இருக்கு. ஒரு வாட்டி நீங்க வந்து வாசிச்சுக் குடுங்களேன்” என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கீபோர்டின் இடது ஓரத்தில் சுரத்தை வளைக்க ஒரு சக்கரம் இருக்கும். கடையில் வாங்கியபடியே வைத்தால் அது மேலே ஒரு முழு சுரம், கீழே ஒரு முழு சுரம்தான் போகும். செட்டிங்கை மாற்றினால் இன்னும் தூரம் போகும். தூரம் பிரச்சினையில்லை, நடைதான் பிரச்சினை. பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கு ஸ்டீல் போகும்போது கிளம்புகையில் தயங்கி, நடுவில் வேகம் பிடித்து, சேரும் இடத்துக்கு ஒரு நூல் முன்னால் மெதுவாகி, அங்கே மெல்ல அசைந்து நிற்கும். தயக்கம் எவ்வளவு, அசைவு எவ்வளவு என்பது பாட்டுக்குப் பாட்டு மாறும். கர்நாடக சங்கீதத்தில் ஜாரு என்று சொல்வதுதான் இது. ஸ்பிரிங் வைத்த சக்கரத்தில் அதைக் கொண்டுவர மகா பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இருக்கிறவன் கிட்டாரையே கற்றுக்கொண்டுவிடுவான்.

வாசித்துக் கொடுத்தேன். சுமார்தான். ஆனால் அன்றைக்கு அவன் தன் செல்போனில் ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினான். “நீங்க வாசிக்கிறது இதுதானே மாமா?” 1920களில் சோல் ஹோப்பி என்பவர் அமெரிக்காவில் பதிவு செய்த தட்டு. ஹோனலூலுவில் பிறந்து, 1919இல் திருட்டுத்தனமாகக் கப்பலேறி சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்த பையன் அவர். கேட்டேன். நான் வாசித்தது அதுவே இல்லை.

ஒற்றைத் தந்தி இழுப்பு அதில் கொஞ்சம்தான். இரண்டு தந்தி, மூன்று தந்தி என்று சேர்ந்தே நகர்கின்றன. ஸ்டீல் நேராக நிற்காமல் சாய்கிறது. எங்கள் ஸ்ருதியில் முதல் தந்திக்கும் இரண்டாவதுக்கும் நடுவே சின்ன இடைவெளி, மைனர் தேர்டு. ஸ்டீலின் முனையைப் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஃப்ரெட் அளவு சாய்த்தால் அது மேஜர் தேர்டு ஆகிவிடும். சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்துப் போனால் மெட்டுக்குக் கூடவே இன்னொரு குரல் பாடிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். சோகப் பாட்டுக்கு நடுவில் ஆறு தந்தியும் பட்டுவிடுமோ என்று பயந்து பயந்து நாங்கள் ஒதுக்கி வைத்த மற்ற நாலு தந்திகளில்தான் ஹவாய்க்காரர்கள் குடித்தனமே நடத்தியிருக்கிறார்கள். அடுத்து, உள்ளங்கை விளிம்பால் தந்தியை ஸ்டீலிலிருந்து பன்னிரண்டு ஃப்ரெட் தள்ளித் தொட்டு மீட்டினால் ஒரு ஸ்தாயி மேலே மணிச்சத்தம் வரும். நாங்களும் அதைச் செய்வோம், கோயில் மணி வருகிற பாட்டுக்கு மட்டும். அவர்கள் முழு வரியையே மணியாக வாசிக்கிறார்கள். ஹவாயில் ஆண்கள் கள்ளக்குரலில் பாடும் மரபு ஒன்று உண்டு. கீழ்க்குரலிலிருந்து மேலே தாவும்போது குரல் உடைவதை மறைக்காமல் அழகாகக் காட்டுவார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அந்த மணிச்சத்தம் எங்கே வர வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது.

பிறகு வரலாற்றையும் தேடிப் படித்தேன். கணக்கப்பிள்ளைப் புத்தி, வரவு எங்கிருந்து என்று பார்க்காமல் விடாது. 1830களில் மாடு மேய்க்க வந்த மெக்ஸிகோ பக்கத்து ஆட்கள் கிட்டாரை ஹவாய்க்குக் கொண்டுவந்தார்கள். தீவுக்காரர்கள் தந்திகளைத் தளர்த்தித் தங்கள் காதுக்குப் பிடித்த கார்டில் கட்டிக்கொண்டார்கள். 1880களின் முடிவில் ஓவாஹு தீவின் லையே ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவர் தந்தியில் இரும்பை வழுக்கப் பழகி, அதற்கென்றே ஓர் எஃகுத் துண்டைச் செய்துகொண்டார். அதுவும் பள்ளிப் பட்டறையில். எங்கள் லேத் பட்டறை நினைவு வந்தது. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஹவாய் அரங்கின் பாட்டுக்கு அமெரிக்காவே மயங்கியது. அதன் பிறகு உலகம் சுற்றக் கிளம்பிய குழுக்கள் கல்கத்தாவுக்கும் வந்தன. டாவ் மோயே என்ற கலைஞர் குடும்பத்தோடு 1940களில் அங்கேயே தங்கி வாசித்தார், சொல்லியும் கொடுத்தார். அவரிடம் பாடம் கேட்ட கார்னி நிஸ் ‘அலோஹா பாய்ஸ்’ என்று குழு நடத்தினார். கல்கத்தாவில் கிட்டார் செய்யும் தொழிலும் வங்காளத்து வீடுகளில் ஹவாயன் கற்கும் பழக்கமும் வேர்பிடித்த காலம் அது. மதுரைக் கடை வழியாக என் மடிக்கு வந்த வாத்தியத்துக்கு அப்படி ஒரு வம்சாவளி.

இந்த இழுப்பையே இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டேவியன் என்ற ஒருவர்தான் ஹவாய்க்காரர்களுக்குக் காட்டினார் என்றும் ஒரு கதை உலவுகிறது. நம் பெருமைக்கு ஏற்ற கதைதான், ஆனால் எனக்கு அதில் பிடிப்பில்லை. நமக்கு அந்தப் பெருமை தேவையும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் கோட்டு வாத்தியம் இருக்கிறது. மெட்டு இல்லாத வீணைத் தண்டியின் மேல் கருங்காலித் துண்டை வழுக்கி, சகாராம ராவ் முதல் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் வரை வாசித்துக் காட்டிய கலை. சித்திர வீணை என்று அழைக்கிறோமே, அதுதான். வழுக்கும் வித்தையில் நாம் யாருக்கும் கடன்பட்டவர்கள் அல்ல. வடக்கில் பிரிஜ் பூஷன் காப்ரா ஹவாயன் கிட்டாரை ராக சங்கீதத்துக்கே திருப்பினார். 1967இல் சிவ்குமார் சர்மா, ஹரிபிரசாத் சவுராசியாவோடு அவர் சேர்ந்து வாசித்த ‘கால் ஆஃப் தி வேலி’ இன்றும் விற்கிறது. விஷ்வ மோகன் பட் அதில் கூடுதல் தந்திகளைக் கட்டி மோகன வீணை ஆக்கினார், 1994இல் ரை கூடரோடு கிராமி வாங்கினார். இதெல்லாம் பெரிய சாதனைகள். ஆனால் எல்லாமே ஒரு திசைப் பயணம். ஹவாய்க்காரர்களின் வாத்தியத்தை வாங்கிக்கொண்டோம், பாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டோம். வயதான காலத்தில் எனக்கு அந்தப் பாட்டு வேண்டியிருந்தது.

அதனால் பாலபாடத்திலிருந்து ஆரம்பித்தேன். லிலியோகலானி ராணி 1878இல் எழுதிய ‘அலோஹா ஓயே’ தான் முதல் பாடம். உலகம் முழுக்கக் கேட்டுக் கேட்டுப் புளித்த மெட்டு என்பார்கள், எனக்குப் புதுசு. எழுதியவர் ஹவாயின் கடைசி அரசி. 1893இல் கரும்புத் தோட்ட முதலாளிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் அவரை அரியணையிலிருந்து இறக்கினார்கள். 1895இல் அவருடைய அரண்மனையிலேயே ஓர் அறையில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். அதே 1895 அக்டோபரில்தான் பென்னிகுக் கட்டிய பெரியாறு அணை திறப்பு விழா கண்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத செய்திகள்தான். ஆனால் அந்தத் தண்ணீர் பாயும் ஊரில் உட்கார்ந்து அந்த அம்மாவின் மெட்டை வாசிக்கும்போது வருடம் ஒன்றாக இருப்பது மனதில் ஒட்டிக்கொள்கிறது.

இனி உடம்பு. அறுபதைத் தாண்டியவனுக்கு இந்த வாத்தியம் தயவு காட்டுகிறது. சாதாரண கிட்டாரில் விரல்நுனி காய்க்க வேண்டும், கணுக்கள் மடங்க வேண்டும்; என் கணுக்கள் காலையில் மடங்க மறுக்கின்றன. ஸ்டீலைப் பிடிக்க அவ்வளவு வேண்டாம். நூற்றைம்பது கிராமுக்கு மேல் எடையுள்ள துண்டு தன் பாரத்திலேயே தந்தியில் உட்கார்ந்துகொள்ளும், நாம் ஓட்டினால் போதும். ஆனால் ஸ்டீலுக்குப் பின்னால் இரண்டு விரல்கள் தந்தியைத் தடவிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் தேவையில்லாத இரைச்சல் கிளம்பும். அந்தப் பழக்கம் கைக்குத் திரும்பத்தான் நாளானது.

கண்தான் வம்பு செய்தது. கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டும் சேர்ந்த கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தால், கண்ணாடியின் எந்தப் பாகம் வழியே பார்க்கிறோமோ அதற்கேற்ப ஃப்ரெட் கோடு நகர்கிறது. பன்னிரண்டாவது கோட்டில் ஸ்டீலை வைத்ததாக நினைப்பேன். காது இல்லை என்னும். கண்ணாடியைக் கழற்றினால் கோடே தெரியாது. கடைசியில் கோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அலைபேசியில் தம்புராவை ஓடவிட்டு, காதை மட்டும் நம்பி ஸ்டீலை நிறுத்தப் பழகினேன். மேடையில் வாசித்த காலத்தில் இதைச் செய்ய எனக்குத் துணிச்சல் இருந்ததில்லை. இன்றைக்கு என் சுருதி அன்றையதைவிடச் சுத்தம். இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டில் வரவேற்பு ஒரு மாதிரிதான். “ஏங்க, பாட்டைத் தொடங்கவே மாட்டீங்களா? இழுத்துக்கிட்டே இருக்கீங்க” என்றாள் மனைவி. முழுப் பாட்டும் அதற்குள் முடிந்திருந்தது. ஹவாய் மெட்டுகளில் வார்த்தை தெரியாதவர்களுக்குப் பிடித்துக்கொள்ளக் கொம்பு இல்லை. நம் சினிமாப் பாட்டில் வாத்தியம் எதை வாசித்தாலும் கேட்பவர் மனதுக்குள் வரிகளைப் பாடிக்கொள்வார், பாதிக் கச்சேரியை அவரே நடத்திவிடுவார். அந்த உதவி இதில் கிடையாது. நானும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். மாலையில் முதலில் ஒரு பழைய தமிழ்ப் பாட்டு, பழைய ஒற்றைத் தந்தி முறையில். அடுத்து அதே பாட்டு, ஸ்டீலைச் சாய்த்து இரண்டு தந்தியில். மோகனம், சங்கராபரணம் சாயலில் அமைந்த மெட்டுகள் இதற்கு நன்றாக வழிவிடுகின்றன. சுபபந்துவராளிப் பக்கம் போனால் கார்டு கழுத்தைப் பிடிக்கும். அங்கே ஒற்றைத் தந்திதான் சரணம். மூன்றாவதாக ஹவாய். இப்போது தெருவில் போகிற சிலர் மூன்றாவதற்கும் நிற்கிறார்கள்.

எங்கள் தலைமுறையில் இந்த வாத்தியத்தை வாசித்தவர்கள் மாவட்டத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள். கிட்டார் வீட்டில்தான் கிடக்கும். எடுங்கள். ஆனால் எடுத்தவுடன் பழைய பழக்கத்தில் ஆறு கட்டைக்கு முறுக்காதீர்கள். சாதாரண ஸ்ருதியிலிருந்து அதற்குப் போக மூன்று தந்திகளை ஒரு சுரம் ஏற்ற வேண்டும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த மரமும் பசையும் அந்த இழுவையைத் தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்து வரலாம். ஐந்து கட்டைக்குச் சேருங்கள். அதற்கு மூன்று தந்திகளை ஒரு சுரம் இறக்கினால் போதும், மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். ப ஸ ப ஸ க ப முறை மாறாது. கிட்டார் இல்லாதவர்கள் யாரிடமாவது சாதாரண கிட்டார் வாங்கி, நட்டின் மேல் உயரமான உலோகப் பட்டை ஒன்றைக் கவிழ்த்துத் தந்தியை உயர்த்திக்கொள்ளலாம். ஸ்டீல் கடையில் இல்லை என்றால் லேத் பட்டறையில் மூன்று அங்குல நீளம், முக்கால் அங்குலக் கனம் என்று சொல்லுங்கள். ஒரு முனையை உருட்டிக் கடைந்து, பளபளவென்று பாலீஷ் போட்டுத் தரச் சொல்லுங்கள். சொரசொரப்பு இருந்தால் தந்தி அழும்.